பேலனெட்: துணைபலூனா, உட்காற்றுப்பையா?

அனைவருக்கும் வணக்கம். ஓரிகன் கரையோரத்து டில்லமுக் கடற்படை வான்கப்பல் (airship) தளம் பற்றிய கட்டுரைக்கு ஒரு சொல் தேவை. 1942இல் தொடங்கி 1948இல் மூடிய தளம். எஃகெல்லாம் போருக்குப் போனதால் இரண்டு கொட்டகைகளையும் மரத்தாலேயே எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் 1,072 அடி நீளம், 192 அடி உயரம். (ஒன்று 1992இல் எரிந்தது.) நீர்மூழ்கிகளைத் தேடி அங்கிருந்து பறந்த கே வகை வான்கப்பல்களின் உறைக்குள் பேலனெட் (ballonet) என்ற சிறு பை உண்டு. 'துணைபலூன்' எனலாமா?

—

> 'துணைபலூன்' எனலாமா?

வேண்டாம் ஐயா. பலூன் என்றால் தூக்குவது. இதற்குள் இருப்பதோ வெறும் காற்று. தூக்குவது சுற்றியுள்ள ஹீலியம். கே வகைக்கு உள்ளே சட்டகம் கிடையாது, உறை விறைத்து நிற்பதே உள்ளழுத்தத்தால்தான். மேலே ஏற ஏற ஹீலியம் விரியும். அதற்கு இடம்விட்டு பேலனெட்டின் காற்று வால்வு வழியே வெளியேறும். இறங்கும்போது ஹீலியம் சுருங்கும்; சுழலிக்குப் பின்னால் இருக்கும் குழாய்வாய் காற்றை அள்ளி உள்ளே தள்ளும். இறக்கம் வேகமாகி காற்று பின்தங்கினால் மூக்கு குழிந்துவிடும்.

'வளிப்பை'யும் ஆகாது. ஈழத்துப் பாடநூலில் வளி என்றால் காற்று. தமிழகத்தில் வளிமம் என்றால் எந்த வாயுவும். பைக்குள்தான் ஹீலியம் என்று பாதிப்பேர் புரிந்துகொள்வார்கள். 'காற்றுப்பை'யைக் கார் எடுத்துக்கொண்டது. எனவே 'உட்காற்றுப்பை'.

—

உட்காற்றுப்பைக்கு என் வாக்கு. முன்னொன்று பின்னொன்று இருப்பதால், முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு முன்பை, பின்பை என்றாலே போதும். ஹீலியத்தைவிடக் காற்று ஏறக்குறைய 7 மடங்கு கனம். முன்பையில் கூட்டிப் பின்பையில் குறைத்தால் மூக்கு தாழும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்: இரு பைகளும் முற்றாகக் காலியாகும் உயரம் (pressure height). நேர் மொழிபெயர்ப்பாக 'அழுத்த உயரம்' என்று போட்டுவிடாதீர்கள், அது உயரமானிக் கணக்கு. அந்த உயரத்துக்கு மேலே போனால் ஹீலியத்தையே திறந்துவிட வேண்டும், இல்லையேல் உறை கிழியும். அப்படி நிறைய இழந்துவிட்டால், தரையிறங்கும்போது பைகள் முழுக்க நிரம்பியும் உறை தொய்யும். 'வற்றுயரம்' என் முன்மொழிவு.

—

வற்றுயரம் வினைத்தொகையாகச் சரியாகவே நிற்கிறது. இரண்டையும் கட்டுரையில் ஏற்றிவிட்டேன்.