போர்டு வீட்ட இடிச்சு கட்டப் போறாங்களாம், 24 ஆயிரம் வாங்கிட்டு எறங்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

மூணாவதுமாடி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது வடசென்னைல போர்டு வீடு, எழுபதுகள்ல குடிசை மாற்று வாரியம் கட்டினது, ஒரு ரூம் ஒரு கிச்சன், பால்கனிய தகரம் வெச்சு அடைச்சு அதுலதான் தம்பி படிக்கறான். சீலிங்ல கம்பி எல்லாம் வெளிய வந்து துருப்பிடிச்சு நிக்குது. போன ஐப்பசி மழைல ஆயா கட்டில் மேல ஒரு மொறம் அளவுக்கு காரை வுழுந்துச்சு, நல்லவேளை ஆயா தண்ணி புடிக்க கீழ போயிருந்தாங்க. அதுலருந்து கட்டில பீம் கீழ தள்ளி போட்டிருக்கோம், அதான் சேஃப்னு அப்பா சொல்றாரு.

போன மாசம் போர்டுலருந்து கணக்கெடுக்க வந்தாங்க. கதவுல செவப்பு பெயின்ட்ல நம்பர் போட்டு, அதே நம்பர சிலேட்டுல எழுதி எங்க கையில குடுத்து குடும்பத்தோட வாசல்ல நிக்க வெச்சு போட்டோ புடிச்சாங்க, ஆதார் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வாங்கினாங்க, இடிச்சுட்டு பெருசா கட்டித் தருவோம் அதுவரைக்கும் வெளிய வாடகைக்கு போங்க 24 ஆயிரம் தருவோம்னு சொல்லிட்டு போயிட்டாங்க. இப்ப பிளாக் ஃபுல்லா இதான் பேச்சு, ஒருத்தர் எல்லாம் ஃப்ரீன்றாரு, ஒருத்தர் அஞ்சு லட்சம் கட்டணும்ன்றாரு, ஒருத்தர் எறங்கினா ஊருக்கு வெளிய பெரும்பாக்கம்தான் திரும்ப வரவே முடியாதுன்றாரு. எங்களுக்கு இன்னொரு பிரச்சனை, அலாட்மென்ட் ஆர்டர் தாத்தா பேர்ல இருக்கு, தாத்தா போய் 11 வருஷம் ஆச்சு, அப்பா கூடப் பொறந்தவங்க ரெண்டு அத்தைங்க இருக்காங்க, யாரும் பேர் மாத்தல. எறங்கலாமா? கட்டற காசு யார் குடுக்கறாங்க, நம்ம பங்கு எவ்ளோ வரும்?

எறங்கி_ஏறினவன்:

சிஸ்டர், எங்க பிளாக்க இடிச்சு கட்டி திரும்ப குடிவந்து ஒரு வருஷம் ஆகப்போவுது, அதனால நடந்தத சொல்றேன். முன்னாடி வெறும் 8,000 தான் குடுத்துட்டு இருந்தாங்க, 2021லதான் 24,000 ஆக்கினாங்க. கேக்க பெருசா இருக்கும். நாங்க எறங்கறப்ப பக்கத்து தெருவுலயே வீடு பாத்தோம், அட்வான்ஸ் 50 ஆயிரம், வாடகை 7,000, ஏன்னா ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான குடும்பம் வீடு தேடுதுன்னு ஹவுஸ் ஓனருங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, முந்தின மாசம் அஞ்சுக்கு விட்ட வீட ஏழுக்கு ஏத்திட்டாங்க. 18 மாசத்துல முடியும்னாங்க, அஸ்திவாரத்துக்கு பைல் எறக்கறப்ப மழை, அப்புறம் கான்ட்ராக்ட் எடுத்தவர் ஆள கொறச்சுட்டாரு, கடைசில 34 மாசம் ஆச்சு. 24 ஆயிரத்த 34 மாசத்துக்கு வகுத்து பாருங்க, மாசம் எழுநூறு சொச்சம், கேஸ் சிலிண்டருக்கு கூட பத்தாது.

காசு கூட பரவால்ல. எங்கம்மா பிளாக் வாசல்லயே காலைல இட்லி போடுவாங்க, 20 வருஷ வாடிக்கை. வாடகை வீட்டு ஓனர் வாசல்ல அடுப்பு வைக்கக் கூடாதுன்னுட்டாரு. இப்ப புது பிளாக்ல கேட்டுக்கு வெளிய மறுபடி போடறாங்க, ஆனா பழைய ஆளுங்க பாதி பேர் வேற கடைக்கு பழகிட்டாங்க. இந்த நஷ்டத்த எந்த கணக்கெடுப்புலயும் யாரும் எழுதல.

ஆனா எறங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், கம்பி வெளிய தெரியற வீட்டுல இருக்கறதுக்கு ரோட்டுல இருக்கலாம். ஒரே ஒரு விஷயம், பயனாளி பட்டியல்ல உங்க வீட்டு நம்பரும் பேரும் சரியா ஏறிடுச்சான்னு கண்ணால பாத்து, அந்த பக்கத்த போன்ல போட்டோ எடுத்துக்கினு, அதுக்கப்புறம் சாவி குடுங்க. சாவி குடுத்ததுக்கு ரசீது வாங்குங்க. ஈபி பில்ல கட்டி முடிச்ச சீட்டையும் தூக்கி போட்றாதீங்க. எங்க பிளாக்ல பட்டியல்ல பேர் தப்பா ஏறின நாலு குடும்பம் வீடு ஒதுக்கற குலுக்கல் அன்னிக்கு வெளிய நின்னுச்சு.

ரிட்டயர்டு_ஜே.இ.:

நான் இந்த மாதிரி வேலைகள்ல பல வருஷம் ஜூனியர் இன்ஜினியரா சைட்ல நின்னவன். மொதல்ல அந்த கட்டில் விஷயம். பீம் கீழ சேஃப்னு நம்பாதீங்கம்மா, துருப்பிடிச்ச கம்பி ஊதி காங்க்ரீட்ட தள்ளுது, அது ஸ்லாப்லயும் நடக்கும் பீம்லயும் நடக்கும். 2021 டிசம்பர்ல திருவொற்றியூர் அரிவாக்குளத்துல 24 வீடு மொத்தமா சரிஞ்சுது, ஒரு உயிர் கூட போகலன்னா காரணம் சத்தமும் விரிசலும் பாத்து ஜனங்க முன்கூட்டியே வெளிய வந்துட்டாங்க. ஆயாவ இப்பவே வேற எங்கயாவது சொந்தக்காரங்க வீட்டுல தங்க வைங்க, காரை விழுந்த போட்டோவோட போர்டு ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) ஒரு மனு குடுங்க.

இப்ப காசு. 1970ல குடிசை மாற்று வாரியம்னு ஆரம்பிச்சது 2021ல பேர் மாறி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆச்சு, ஆனா ஜனங்க வாயில இன்னமும் ஹவுசிங் போர்டுதான். ஒரு வீடு கட்ட இன்னிக்கு பத்து லட்சத்த தாண்டுது. 2015ல வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்துல எடுத்ததுக்கு மத்திய அரசு ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் குடுத்துச்சு, 2024ல ஆரம்பிச்ச ரெண்டாவது கட்டத்துலயும் நம்ம மாதிரி மாநிலத்துக்கு அதே ஒன்றரைதான். பேப்பர்ல பெருசா விளம்பரம் வரும், ஆனா கணக்கு போட்டா மீதி பெரும்பகுதி மாநில அரசு தலையிலதான் விழுது, அதுக்கு மேல மிச்சம் இருக்கறதுதான் பயனாளி பங்குத் தொகை. அது இடத்துக்கு இடம் மாறும், பக்கத்து ஏரியால ஒன்றரை லட்சம் கேட்டாங்கன்னா உங்களுக்கும் அதேதான்னு இல்ல. உங்க பிளாக் எந்த திட்டத்துல வருது, பங்குத் தொகை எவ்வளவு, எத்தன தவணைன்னு மூணையும் மனுவா கேளுங்க, வாயால சொல்றத வெச்சு கடன் வாங்காதீங்க.

வெளிநாட்டு கடனும் இதுல இருக்கு. 2020ல உலக வங்கி, 2021ல ஆசிய வளர்ச்சி வங்கி, ரெண்டும் தமிழ்நாட்டு வீட்டுவசதிக்குன்னே கடன் குடுத்துச்சு. புதுசு இல்ல இது, எழுபதுகள் கடைசிலயே உலக வங்கி காசுலதான் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ல மனையும் அடிப்படை வசதியும் மட்டும் போட்டு குடுத்து வீட்ட நீங்களே கட்டிக்கோங்கன்னு விட்டாங்க. இன்னிக்கு அந்த மனை விலை என்னன்னு கேட்டு பாருங்க, தலை சுத்தும்.

அலாட்மென்ட் விஷயத்துல அலட்சியமா இருக்காதீங்க. தாசில்தார் ஆபீஸ்ல தாத்தாவோட வாரிசு சான்றிதழ் வாங்கி, அத்தைங்க ரெண்டு பேர் கிட்டயும் ஆட்சேபனை இல்லன்னு எழுதி வாங்கி, பேர் மாத்த இப்பவே போடுங்க. வீடு பழசா இருக்கறப்ப அத்தைங்க கையெழுத்து சும்மா கெடைக்கும், புது பில்டிங் எழும்பினப்புறம் கேட்டா பாகம் கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எத்தனையோ குடும்பத்துல பாத்திருக்கேன். மத்திய திட்டத்துல வந்தா வீடு பொம்பளைங்க பேர்லயோ கூட்டாவோ இருக்கணும், குடும்பத்துல யார் பேர்லயும் இந்தியால வேற பக்கா வீடு இருக்கக் கூடாது, அதையும் ஞாபகம் வைங்க.

20ரூவா_பத்திரம்:

சார் சைடுல ஒரு கேள்வி. நாங்க 2009ல அலாட்டி, அதாவது போர்டு வீடு ஒதுக்கி வாங்கினவர் கிட்டருந்து 20 ரூவா ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி மூணரை லட்சம் குடுத்து போர்டு வீடு வாங்கினோம். அந்த ஆள் இப்ப எங்க இருக்காருன்னே தெர்ல. ஈபி, ரேஷன், ஓட்டு எல்லாம் எங்க பேர்ல அதே அட்ரஸ்ல இருக்கு. இடிச்சா எங்களுக்கு வீடு உண்டா?

ரிட்டயர்டு_ஜே.இ.:

சட்டப்படி அந்த பேப்பர் செல்லாதுங்க, கிரயப் பத்திரம் ஆகாத வீட்ட அலாட்டி விக்கவே முடியாது. இதுல வேடிக்கை என்னன்னா, அலாட்டி தவணை முழுசா கட்டி முடிச்சும் முப்பது வருஷமா கிரயப் பத்திரம் ஆகாத இடம் எத்தனையோ இருக்கு, ஏன்னா வீடு போர்டு கட்டினது, அடில இருக்கற நிலம் வருவாய்த்துறை பேர்லயோ மாநகராட்சி பேர்லயோ இருக்கும், அது போர்டு பேருக்கு மாறாம பத்திரம் எப்படி போடறது? அரசாங்கத்துல ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் நடுவுல மாட்டிக்கினு ஜனங்க 20 ரூவா பேப்பர்ல வித்து வாங்கறாங்க. உங்க கேஸ்ல 2009லருந்து இருக்கற எல்லா ஆதாரத்தையும் தேதி வரிசையா வெச்சு கணக்கெடுக்க வர்றப்பவே குடுங்க, அலாட்டி இல்ல, அனுபவத்துல இருக்கறவங்கன்னு எழுத சொல்லுங்க. பொய்யா அலாட்டியோட தம்பின்னு மட்டும் சொல்லிடாதீங்க, பயோமெட்ரிக்ல மாட்டுவீங்க.

தாராவி_நெல்லைக்காரி:

சென்னைக்காரங்க 24 ஆயிரத்துக்கு பொலம்புதத பாத்தா சிரிப்பு வருது, எங்க கதைய கேளுங்க. எங்க தாத்தா திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்தவரு, நாங்க மூணு தலைமுறையா இங்க மும்பை தாராவிலதான். மும்பைல கவர்மென்ட் காசு போட்டு கட்டாது, எங்க நெலத்துல ஒரு பக்கம் நமக்கு ஃப்ரீயா கட்டிட்டு மிச்ச எடத்துல பில்டர் கட்டி வித்து லாபம் எடுத்துக்கிடலாம், 1995ல எஸ்ஆர்ஏ (குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையம்) வந்ததுல இருந்து இதான் ஏற்பாடு. கைக்காசு கட்ட வேண்டாம்ங்கது நெசம். ஆனா எல்லாமே கட்-ஆஃப் தேதில நிக்குது. 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்ததுக்கு பேப்பர் இருக்கா, அதுவும் தரைத்தளமா, அப்பதான் தாராவிக்குள்ளயே 350 சதுர அடி ஃப்ரீ. மாடில இருக்கவங்களுக்கு தாராவிக்கு வெளிய, அதுவும் மாசம் மாசம் கட்டி சொந்தமாக்கிக்கிடுத மாதிரி. எங்க வீட்டுல கீழ சித்தப்பா, மேல நாங்க, நடுவுல ஒரு இரும்பு ஏணிதான். அந்த ஏணில ஏறினதுக்கு ஊர விட்டு போவணும்னா என்ன நியாயம்?

2022ல அதானி 5,069 கோடிக்கு டெண்டர் எடுத்தாங்க, கம்பெனில 80 பங்கு அவங்க 20 பங்கு மகாராஷ்டிரா அரசு. மத்த எஸ்ஆர்ஏ எடத்துல ஜனங்க பாதிப்பேருக்கு மேல சம்மதம் சொல்லணும், தாராவிக்கு மட்டும் அது தேவையில்லன்னுட்டாங்க. உங்களுக்கு தங்கச்சி, கட்டுதது கவர்மென்ட், கேள்வி கேக்க ஒரு ஆபீஸ் இருக்கு. அத பெருசா நெனைங்க.

எறங்கி_ஏறினவன்:

அக்கா நீங்க சொல்றது சரி, ஆனா ஆபீஸ் இருக்கறதும் பதில் வர்றதும் வேற வேற க்கா 😀

பெரும்பாக்கத்தான்:

நான் கூவம் ஓரத்துலருந்து பெரும்பாக்கத்துக்கு வந்தவன். ஒரு விஷயம் கிளியரா புரிஞ்சுக்கோங்க, ஆத்தோரம் ரோட்டோரம் இருந்து தூக்கினா அது எங்கள மாதிரி, இங்க எட்டு மாடி பிளாக்ல கொண்டாந்து வெச்சிருவாங்க, பழைய இடம் அவ்ளோதான். போர்டு வீட்ட இடிச்சு அதே இடத்துல கட்டறது வேற கணக்கு, அலாட்டிக்கு அங்கயே திரும்ப உண்டு. ரெண்டையும் கொழப்பிக்கினு பயப்படாதீங்க. ஆனா யாராவது வந்து அங்க கட்டி முடிக்கற வரைக்கும் இங்க காலி வீடு இருக்கு தங்கிக்கோங்கன்னு சொன்னா, அது தற்காலிகம்னு எழுதி வாங்காம சாமான ஏத்தாதீங்க. இங்கருந்து எங்க வீட்டுக்காரம்மா சென்ட்ரல் பக்கம் வீட்டு வேலைக்கு போக காலைல நாலரைக்கு எழுந்துச்சு, ஆறு மாசத்துல வேலைய விட்டுச்சு.

அபார்ட்மென்ட்_அங்கிள்:

மன்னிக்கவும் நடுவுல வர்றேன், எங்களோடது பிரைவேட் ஃபிளாட், 38 வருஷ பில்டிங், இதே மாதிரி காரை கொட்டுது. எங்களுக்கு அரசு உதவி ஏதாவது உண்டா?

ரிட்டயர்டு_ஜே.இ.:

காசு பத்து பைசா கெடையாது சார். சட்டம்தான் உதவி. 2022ல போட்ட அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024ல அமலுக்கு வந்துச்சு, மூணுல ரெண்டு பங்கு ஓனர் ஒத்துக்கிட்டா இடிச்சு கட்டலாம், முந்தி மாதிரி ஒருத்தர் அமெரிக்கால ஒக்காந்துக்கினு மாட்டேன்னா எல்லாரும் நிக்க வேண்டியதில்ல. அதே நேரம் நீங்க பெரிய பில்டிங்கா கட்டினா ஷெல்டர் கட்டணம்னு ஒண்ணு கட்டுவீங்க, அது ஏழைங்க வீட்டுக்கான நிதிக்கு போவுது. அந்தம்மா வீட்டு செங்கல்லுல உங்க காசும் ரெண்டு இருக்கும்னு வெச்சுக்கோங்க.

மூணாவதுமாடி_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ஆயாவ பெரிய அத்தை வீட்டுல விட்டுட்டோம். அத்தை கையெழுத்து போட்டுட்டாங்க, சின்ன அத்தை யோசிச்சு சொல்றேன்னிருக்காங்க (ஜே.இ. சார் சொன்னது நெனப்பு வந்துச்சு). வாரிசு சான்றிதழுக்கு ஆன்லைன்ல போட்டாச்சு. பட்டியல் ஏ.இ. ஆபீஸ்ல பாத்தோம், தாத்தா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, மாத்தித் தரோம்னு மனு வாங்கி சீல் போட்டு குடுத்தாங்க. புது பிளாக்ல லிஃப்ட் உண்டாம், பராமரிப்புக்கு நாம மாசம் குடுக்கற காசுக்கு ஈடா அரசும் போடும், 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு'ன்னு திட்டம் இருக்குன்னு சொன்னாங்க. கரன்ட் போனா லிஃப்ட் என்ன ஆகும்னு கேட்டேன், சிரிச்சாங்க.

கடைசியா ஒண்ணு, ஆயாவுக்கு முட்டி வலி, தரைத்தளம் வேணும்னா எப்ப கேக்கணும்? குலுக்கல் அன்னிக்கா?

எறங்கி_ஏறினவன்:

இப்பவே எழுதி குடுங்க சிஸ்டர், டாக்டர் சீட்ட பின் பண்ணி. குலுக்கல் அன்னிக்கு எல்லாருக்கும் முட்டி வலிதான். அப்புறம் தரைத்தளம்னு எழுதாதீங்க, புது பிளாக்ல பல இடத்துல கீழ தூண் வெச்சு வண்டி நிறுத்த விட்டுட்றாங்க, வீடே இருக்காது. மொத மாடின்னு கேளுங்க.