எண்ணெய் மிஞ்சியிருக்க, மீன் மட்டும் ஏன் தீர்ந்துபோகிறது?

கயல் (கேள்வி):
வளப் பொருளியலில் இயற்கை வளங்களைப் புதுப்பிக்கத்தக்கவை, தீர்ந்துபோகக்கூடியவை என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். நடப்போ நேர்மாறாக இருக்கிறது. எண்ணெயும் உலோகங்களும் இன்றும் சந்தைக்கு வந்துகொண்டிருக்க, தானே பெருகக்கூடிய காட் மீன், 1992-இல் கனடா அரசு மீன்பிடிப்பையே நிறுத்திவைக்கும் அளவுக்கு நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அருகிப்போனது. இரு வகைக்கும் விதிகள் வெவ்வேறா?

செந்தில்:
அடிப்படை ஒன்றே. வளத்தை எடுக்காமல் விட்டுவைப்பதும் ஒரு முதலீடு. அது வட்டிக்கு ஈடாகப் பலன் தருகிறதா என்பதே உரிமையாளர் போடும் கணக்கு. எண்ணெய் நிலத்தடியில் கிடந்து பெருகுவதில்லை. ஆகவே அதைக் காத்துவைப்பவருக்கு விலையேற்றத்தைத் தவிர வேறு ஆதாயம் கிடையாது. பொருளியலாளர் ஹாரல்ட் ஹோட்டலிங் 1931-இல் காட்டியது இதைத்தான். ஒரு பீப்பாயின் விலை 100, எடுக்கும் செலவு 40, வட்டி 5 விழுக்காடு என்று கொள்வோம். வட்டிக்கேற்ப உயர வேண்டியது முழு விலை அன்று, செலவு போக எஞ்சும் 60 மட்டுமே. அது அடுத்த ஆண்டு 63 ஆகும்போது விலை 103 ஆகிறது. தேர்வில் பலர் 105 என்று எழுதுவது இந்த இடத்தில்தான்.

மணிமேகலை:
செந்தில் உரிமையாளர் ஒருவர் இருப்பதாக எடுத்துக்கொண்டே தொடங்குகிறார். கடல்மீனுக்கு அப்படி ஒருவர் இல்லை. நான் இன்று விட்டுவைக்கும் மீனை நாளை வேறொரு படகு அள்ளிச் செல்லும் என்றால், நான் பொறுத்திருப்பதில் பொருளில்லை. செலவு போக ஏதேனும் மிஞ்சும்வரை புதிய படகுகள் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஒருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது என்று பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954-இல் விளக்கினார். எண்ணெயும் இதற்கு விலக்கன்று: நிலத்தடியிலுள்ள ஒரே எண்ணெய்த் தேக்கத்தின் மேல் பலர் கிணறு தோண்டிய காலத்தில் அமெரிக்காவில் அதையும் போட்டிபோட்டே உறிஞ்சினார்கள். காட் மீனைப் பொறுத்தவரை, 1968-இல் பிடிப்பு சுமார் 8 லட்சம் டன்னை எட்டியது. அதில் பெரும்பங்கு அயல்நாட்டுக் கப்பல்களுடையது. 1977-இல் கனடா 200 கடல்மைல் வரை தன் அதிகாரத்துக்குள் கொண்டுவந்த பிறகும், இருப்பை உள்ளதைவிட மிகுதியாக மதிப்பிட்டுப் பிடிப்பளவை நிர்ணயித்ததால் மீன் மீளவில்லை.

கயல்:
அப்படியானால் கடலை ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டால் மீன் பிழைத்துக்கொள்ளுமா?

செந்தில்:
உறுதியில்லை. அதிகபட்சம் 1,000 டன் மீனைத் தாங்கும் ஒரு கடற்பகுதியில், கூட்டம் சிறிதாக இருக்கும்போது ஆண்டுக்கு 20 விழுக்காடு பெருகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வளர்ச்சிச் சமன்பாட்டின்படி இருப்பு 500 டன்னாக இருக்கும்போதுதான் ஆண்டு விளைச்சல் உச்சம் தொடும். அது 50 டன். ஆனால் 5 விழுக்காடு வட்டி கிடைக்குமிடத்தில் உரிமையாளர் அங்கே நிற்கமாட்டார். பிடிப்புச் செலவைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அவர் 125 டன்னை ஒரே மூச்சில் விற்று இருப்பை 375-க்கு இறக்குவார். ஆண்டு விளைச்சல் ஏறத்தாழ 47 டன்னாகக் குறையும், இழப்பு சுமார் 3 டன். விற்ற பணத்தின் வட்டியோ ஆண்டுக்கு 6 டன்னுக்கு மேற்பட்ட மதிப்புடையது. பெருகும் வேகமே வட்டியைவிடக் குறைவு என்றால், முழுவதையும் பிடித்துப் பணமாக்குவதே லாபம் என்றாகிவிடும். மெதுவாக இனம்பெருக்கும் திமிங்கிலங்களை வைத்துக் கணிதவியலாளர் காலின் கிளார்க் 1973-இல் எச்சரித்தது இதைத்தான். மீன் குறையக் குறைய அதைத் தேடிப் பிடிக்கும் செலவு ஏறுவதுதான் பல நேரங்களில் அதைக் காப்பாற்றுகிறது.

அறிவழகன்:
ஹோட்டலிங் சொன்ன பாதையில் சந்தை விலைகள் சீராக நடந்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிய இருப்புகள் கண்டறியப்படுகின்றன, எடுக்கும் செலவு குறைகிறது, மாற்றுப் பொருள்கள் வருகின்றன. தாமிரம், குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகியவற்றின் விலை ஏறும் என்று 1980-இல் உயிரியலாளர் பால் எர்லிக் தரப்பு பொருளியலாளர் ஜூலியன் சைமனுடன் பந்தயம் கட்டித் தோற்றது. அந்தப் பத்தாண்டில் பணவீக்கம் நீக்கிப் பார்த்தால் ஐந்தும் மலிந்திருந்தன. (வேறு பத்தாண்டைத் தேர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம், அதை ஒரு நிரூபணமாகக் கொள்ள நான் தயங்குவேன்.)

என்னைப் பொறுத்தவரை, தீர்ந்துபோகும் வளத்தில் எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதைவிட, வருமானம் எங்கே போகிறது என்பதே பெரிய கேள்வி. எடுக்கும் செலவு போக மிஞ்சும் உபரி முழுவதையும் இயந்திரம், கட்டமைப்பு போன்ற மூலதனமாக மாற்றினால் நுகர்வு குறையாமல் நீடிக்கும் என்பது 1977-இல் பொருளியலாளர் ஜான் ஹார்ட்விக் வகுத்த விதி. இயற்கையின் இடத்தை மூலதனம் நிரப்பிவிடும் என்ற எடுகோளில்தான் அது நிற்கிறது. 1990-இல் எண்ணெய் வருமானத்தைச் சேமிக்கும் நிதியத்தைச் சட்டமாக்கிய நார்வே, 2001 முதல் அதன் எதிர்பார்க்கப்படும் உண்மை வருவாயை (பணவீக்கம் நீக்கிய வருவாயை) ஒட்டியே செலவிடுகிறது. அந்த வரம்பு முதலில் நிதிய மதிப்பில் 4 விழுக்காடு, 2017-இல் 3 ஆகக் குறைக்கப்பட்டது.