புதுப்பிப்பு: பிசிஏ + டிசைன், இரண்டும் சேர்ந்த வேலை கிடைத்துவிட்டது

பிசிஏ முடித்துவிட்டு அச்சகத்தில் கோரல்டிரா வேலை பார்க்கிறேன், கோடிங்கும் டிசைனும் சேர்ந்த வேலைக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஃப்ரன்ட்எண்ட் டெவலப்பராக, அதாவது இணையதளத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதியை கோடிங் செய்பவராக, சேர்ந்துவிட்டேன். கைகொடுத்தது, "கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் போர்ட்ஃபோலியோவிலிருந்து (நம் வேலை மாதிரிகளின் தொகுப்பு) எடுத்துவிட்டு, கோடிங் மூலம் வரைந்த ஒன்றை வையுங்கள்" என்ற யோசனைதான். 2001இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் எம்ஐடியில் தொடங்கிய, கோடிங் மூலம் படம் வரைய உதவும் பிராசஸிங் என்ற மென்பொருளின் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் பி5.ஜேஎஸ். அதில், தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேரும் போஸ்டர் ஒன்று செய்தேன்.

எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. வரியைத் தனித்தனி எழுத்தாக ஸ்ப்ளிட் செய்தால் (பிரித்தால்) 'கொ' உடைந்து, 'க' தனியாகவும், கொம்பும் காலும் நடுவில் புள்ளி வட்டத்தோடு தனியாகவும் நின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டில் உரையைப் பிரிக்க இருக்கும் இன்ட்ல்.செக்மென்டரை கிராஃபீம் முறையில் (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே வைப்பது) பயன்படுத்தியதும் சரியாகிவிட்டது. 'க்ஷ', 'ஸ்ரீ' மட்டும் அதிலும் பிரியும். அவற்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நேர்காணலில் பெரும்பாலும் இதைப் பற்றித்தான் கேட்டார்கள். டிசைன் டிப்ளமோ இருக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை. அப்புறம், அந்தப் போஸ்டரின் கோடிங் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.