சாவிக்கொத்தில் தாங்குகிற பென்டிரைவ் எது?

பிரிக்பீல்ட்ஸ்வாசி: தினமும் எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன், சாவிக்கொத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பென்டிரைவ் வளையம் உடைந்து இரண்டாவது முறையாகத் தொலைந்துவிட்டது. 64 ஜிபி போதும். எதை வாங்கலாம்?

பினாங்குக்காரன்: தனி மூடி உள்ள டிரைவ் வேண்டாம் அண்ணே, மூடிதான் முதலில் காணாமல் போகும். சாம்சங் பார் பிளஸ் பாருங்கள், உலோக உடம்பு, வளையம் மாட்டும் துளையும் அதிலேயே இருக்கும். என்னுடையது சட்டைப்பையோடு வாஷிங் மெஷினில் சுற்றிவிட்டு வந்தது, இரண்டு நாள் காயவைத்தேன், இன்னும் ஓடுகிறது.

செந்தூல்பையன்: லோயாட் கணினிக் கடைகளோ இணையமோ, அடிமாட்டு விலைக்கு 1 டிபி என்றால் நம்பாதீர்கள். போலி டிரைவ் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், உண்மையான இடம் நிரம்பியதும் கோப்புகள் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே, உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அப்புறம், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாவிட்டால் டிரைவைத் திட்டாதீர்கள், டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 (FAT32) முறை அப்படித்தான், எக்ஸ்ஃபேட் (exFAT) முறைக்கு மாற்றினால் சரி.

பிரிக்பீல்ட்ஸ்வாசி: சனிக்கிழமை லோயாட் போகிறேன். சட்டையோடு துவைக்க மாட்டேன் அண்ணே!