பிப்ரவரி 27 காகஸ்: முதன்முறை போகிறேன், விவரம் சொல்லுங்கள்

ஏரிக்கரை எழுதியது (பிப்ரவரி 12, 2024):

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டுதான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். மார்ச் 5 அதிபர் பிரைமரியில் (கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குப்பதிவில்) வாக்களிக்கப் பதிந்தும்விட்டேன். நேற்று வீட்டுக் கதவில் ஓர் அட்டையைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்: பிப்ரவரி 27 செவ்வாய், மாலை 7 மணி, பக்கத்துப் பள்ளியில் காகஸ், அதாவது கட்சியின் உள்ளூர்க் கூட்டம். ஒரு வாரத்தில் பிரைமரி இருக்கும்போது இது எதற்கு?

அயோவா மாநிலத்தில் 2020 வரை ஜனநாயகக் கட்சியினர் ஆளுக்கொரு மூலையில் வேட்பாளர் வாரியாகக் கூடி நின்றார்களே, அதுபோல எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டுமா? அன்று எனக்கு மாலை வேலை வேறு.

எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. போன குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி, சாலைப் பனி முழுவதையும் எங்கள் பேருந்து நிறுத்தத்தின் முன்னால் இடுப்பளவு குவித்துவிட்டுப் போனது. என் மாமியார் ஏற முயன்று ஊன்றுகோலைக் குத்தினார். கோல் பாதிக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. இழுக்கவும் முடியாமல், விடவும் மனமில்லாமல் நின்றார். பேருந்து போய்விட்டது. இதை அங்கே பேசலாமா?

வடக்குவாசல் எழுதியது:

அவசியம் போங்கள், சகோதரி. முதல் வேலையாக நாளைக்கே மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பத்து நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால், காகஸ் நேரத்துக்கு விடுப்புத் தர வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். அந்த நேரத்துச் சம்பளத்தைப் பிடிக்கலாம், வேறு தண்டனை கூடாது. வாயால் சொன்னால் போதாது.

பிரைமரி ஏன் வந்தது என்றால், 2016 மார்ச் 1 இரவால்தான். அன்றைக்கு அதிபர் தேர்வும் காகஸிலேயே நடந்தது. நான் காரை எங்கோ நிறுத்திவிட்டு நடந்து போனேன். வரிசை பள்ளியைச் சுற்றி வளைந்து நின்றது. வாக்குச்சீட்டு தீர்ந்துபோய், நோட்டுப் புத்தகத்தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். பென்சிலால் பெயர் எழுதி ஒரு காகித உறையில் போட்டேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பாதி வரிசையில் திரும்பிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆண்டே சட்டமன்றம் பிரைமரியைக் கொண்டுவந்தது. 2020-இல் அது நடைமுறைக்கு வந்தது.

அதனால் மூலையில் நிற்கும் பயம் வேண்டாம். இப்போது காகஸில் நடப்பது வேறு: உங்கள் பிரீசிங்ட்டின் (வாக்குச்சாவடிப் பகுதியின்) பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது, அடுத்த கட்ட மாநாட்டுக்கு டெலிகேட்டுகளை (பிரதிநிதிகளை) அனுப்புவது, தீர்மானங்களை ஏற்பது. பொறுப்பாளர் தேர்தலுக்கு இரகசிய வாக்கு உண்டு. இரண்டு பெரிய கட்சிகளும் அதே இரவில் கூடுகின்றன. ஏதாவது ஒன்றுக்குத்தான் போக முடியும்.

தீர்மானம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். 'எங்கள் நிறுத்தத்துப் பனியை அள்ளுங்கள்' என்பது நகராட்சி மன்றத்தில் வைக்க வேண்டிய மனு. காகஸ் தீர்மானம் மாவட்ட அளவுக்குப் போய், அங்கே தேறினால் மாநில மாநாடு வரை ஏறி, கட்சியின் கொள்கை அறிக்கையில் சேர வேண்டியது. ஆகவே, 'பேருந்து நிறுத்தங்களில் பனி அகற்ற மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும்' என்று எழுதுங்கள். இரண்டு வாக்கியம் போதும். படிவம் அங்கேயே கிடைக்கும், ஆனாலும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் மாமியாரின் ஊன்றுகோலைத் தாளில் எழுத வேண்டாம், எழுந்து நிற்கும்போது வாயால் சொல்லுங்கள்.

வெண்பனி எழுதியது:

அக்கா, ஒரு சேர்க்கை. வாசலில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்தத் தாள் கட்சியிடம் போகும், பிறகு நன்கொடை கேட்டு அழைப்பு வரும். மினசோட்டாவில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது என்பதால், இதுவே பலருக்குப் புதிதாக இருக்கும். என் கணவர் குடியுரிமை பெறாமல் பச்சை அட்டையில் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில்) இருந்தபோது ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். வாக்குதான் கிடையாது. மாமியாரையும் அழைத்துப் போங்களேன்.

ஏரிக்கரை எழுதியது (பிப்ரவரி 28):

போய் வந்தேன். மாமியாரும் வந்தார்.

பள்ளி உணவுக்கூடம். குழந்தைகள் உட்காரும் வட்ட இருக்கைகளில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு மேசை பிரீசிங்ட் எண் எழுதிய அட்டை. எங்கள் மேசையில் ஏழே பேர்.

என் கை நடுங்கியதில் தாள் சலசலத்தது. இரண்டு வாக்கியத்தையும் படித்துவிட்டு ஊன்றுகோல் கதையைச் சொன்னேன். மாமியார் அந்தக் கோலை மேசைமேல் வைத்தார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரில் இருந்த முதியவர், 'நிதி எங்கிருந்து வரும்?' என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. இன்னொருவர், 'சக்கர நாற்காலி செல்லும் அகலத்துக்கு' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். ஆறு கை உயர்ந்தது. முதியவர் உயர்த்தவில்லை, ஆனால் போகும்போது மாமியாருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டெலிகேட் இடங்களை நிரப்ப ஆள் போதவில்லை. என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். வடக்குவாசல் அண்ணா, மாநாட்டில் அந்த நிதிக் கேள்வி மறுபடி வரும். பேருந்துச் செலவுக்கு மாநிலப் பணம் எப்படி வருகிறது என்று எங்கே படிக்கலாம்?