கோல்ஃப்ல பட் அடிக்கும்போது (பந்தை ஹோலுக்குள்ள உருட்டுறப்போ) கை இறுகுது, ஒரே மாதிரி ரொட்டீன் பழகுறது எப்படி?

நாலடி_பட் எழுதியது:

வணக்கம். ஹேண்டிகேப் 19 (ஆட்டத் திறமையைக் காட்டுற எண், குறைஞ்சா நல்லது), வலக்கை ஆட்டம், 34 அங்குல மாலட் பட்டர் (பெரிய தலை உள்ள பட் மட்டை). ஆடுறது சென்னையில, பெர்முடா புல் கிரீன்கள்ல (ஹோலைச் சுத்தி உள்ள குட்டைப் புல்தரை). பிராக்டீஸ் கிரீன்ல நாலடி, அஞ்சடி பட் எல்லாம் ஒழுங்கா விழுது. ஸ்கோர் கார்டு எழுத ஆரம்பிச்சா அதே நாலடி இடப்பக்கம் இழுத்துட்டுப் போயிடுது. 30 அடிக்கு மேல உள்ளதெல்லாம் நாலஞ்சு அடி முன்னாடியே நின்னுடுது. கவனிச்சுப் பார்த்ததுல ஒண்ணு தெரியுது: சில பட்டுக்கு ரெண்டு பிராக்டீஸ் ஸ்விங், சிலதுக்கு நாலு. பந்துகிட்ட நிக்கிற நேரமும் மாறிக்கிட்டே இருக்கு, பட் முக்கியமானா இன்னும் நீளுது.

கேட்க வேண்டியது இதுதான். எந்த வரிசையில என்ன பண்ணணும்? மொத்தம் எவ்வளவு நேரம்? பந்துல கோடு போட்டுக்கிறது நல்லதா? மூச்சு, கிரிப் இதெல்லாம் ரொட்டீன்ல எங்க வரணும்?

கோவை_பார்3 எழுதியது:

இடப்பக்கம் இழுக்கிறதும் நீளப் பட் குறையறதும் தனித்தனி வியாதி இல்லங்க. பந்துகிட்ட நிக்க நிக்க கிரிப் இறுகும். இறுகின கையில பட்டர் பின்னாடி தாராளமா போகாது, அதனால நீளப் பட் குறையும். கிட்டப் பட்டுல இடது மணிக்கட்டு நின்னு வலது கை முந்தும், பட்டரோட ஃபேஸ் (பந்துல படுற முகம்) இடப்பக்கம் மூடிக்கும், பந்து இடப்பக்கம் போகும்.

கணக்கு போட்டுப் பார்த்தா இது இன்னும் தெளிவாகும். ஹோலோட விட்டம் 4.25 அங்குலம், அதாவது நடுவுலேருந்து ஓரத்துக்கு 2.1 அங்குலம். ஃபேஸ் 1 டிகிரி தப்பினா 10 அடியில பந்து ஏறக்குறைய அந்த 2.1 அங்குலம்தான் விலகும், மெதுவா வந்தா ஓரத்தைப் பிடிக்கலாம். நாலடியில அதே 1 டிகிரிக்கு விலகல் 0.8 அங்குலம்தான். அதாவது சமதளத்துல நாலடி தப்பணும்னா ஃபேஸ் 2 டிகிரிக்கு மேல திரும்பியிருக்கணும். அவ்வளவு பெரிய தப்பு லைன் (பந்து உருளவேண்டிய பாதை) படிச்சதுல வராது, கையிலதான் வரும். அதனால நாலடிக்கு லைன் பார்க்க இன்னும் ரெண்டு சுத்து சுத்தி வர்றதுல பிரயோஜனம் இல்ல.

ரொட்டீனை ரெண்டா பிரிச்சுக்குங்க. பந்துக்குப் பின்னாடி முடிவு, பந்துகிட்ட செயல். பந்துகிட்ட வந்த பிறகு எந்த முடிவும் பாக்கி இருக்கக்கூடாது. இது ஒண்ணு பழகினாலே பாதி இறுக்கம் போயிடும்.

முதல்ல கிரீனுக்கு நடந்து வர்றப்பவே ஏத்தமா இறக்கமான்னு பார்த்துடுங்க, கால் பாதத்துலயே தெரியும். மார்க் பண்ணிப் பந்தைத் துடைங்க. லைன்ல பிட்ச் மார்க் (பந்து விழுந்த பள்ளம்), ஸ்பைக் மார்க் (ஷூ முள் தடம்) இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க, 2019 விதிகள்லேருந்து ரெண்டுமே சரி பண்ணலாம். பந்துக்கு மூணு நாலு காலடி பின்னாடி குந்தி உட்காருங்க. முதல்ல வேகத்தை முடிவு பண்ணுங்க, பிரேக் (சரிவுல பந்து திரும்புற அளவு) அப்புறம். ஒரே சரிவுல மெதுவா போற பந்து அதிகமா திரும்பும், வேகமா போறது குறைவா திரும்பும், அதனால வேகம் தெரியாம லைன்னு ஒண்ணே கிடையாது. கடைசி மூணடியை மட்டும் நல்லா பாருங்க. பந்து அங்கதான் வேகம் குறைஞ்சு சரிவுக்கு அடங்கும்.

லைன் முடிவானதும் அந்த லைன்ல, பந்துக்கு ஒரு சாண் முன்னாடி ஏதாவது அடையாளம் பிடிங்க. நிறம் மாறின புல், பழைய பிட்ச் மார்க் தழும்பு, எதுவா இருந்தாலும் சரி. 20 அடி தூரத்துல உள்ள ஹோலுக்கு ஃபேஸைக் குறி வைக்கிறதைவிட ஒரு சாண் தள்ளி உள்ள புள்ளிக்கு வைக்கிறது சுலபம்.

பந்துக்குப் பக்கத்துல வந்து, ஹோலைப் பார்த்துக்கிட்டே ரெண்டு பிராக்டீஸ் ஸ்விங். தரையைப் பார்த்துப் பண்ணினா அது ஸ்ட்ரோக்கைத் திருத்துற வேலையா மாறிடும். ஹோலைப் பார்த்துப் பண்ணினா கண்ணுல பட்ட தூரம் கைக்குப் போகும். எண்ணிக்கை ரெண்டுதான், முக்கியமான பட்டுக்கும் ரெண்டுதான்.

அடுத்து மூச்சை மெதுவா முழுசா வெளியே விட்டுக்கிட்டே உள்ள வாங்க. தோள் தானா இறங்கும். பட்டர் ஃபேஸை முதல்ல புள்ளிக்கு நேரா வையுங்க, கால் அதுக்கப்புறம். கால் முதல்ல வந்தா உடம்பு ஒரு பக்கம் பார்க்கும், ஃபேஸைத் திருப்பி சமாளிக்க வேண்டியிருக்கும். கிரிப் அழுத்தம் 10க்கு 3 இல்ல 4. அதைவிட முக்கியம், ஸ்ட்ரோக் முடியற வரைக்கும் அந்த அழுத்தம் மாறக்கூடாது. ஹோலை ஒரு தரம் பாருங்க, வேணும்னா ரெண்டு. கண் திரும்பிப் பந்துல நிலைச்சதும் பட்டர் நகரணும். அதுக்கு நடுவுல ஒரு யோசனை நுழைஞ்சா அடிக்காதீங்க, பின்னாடி போய் குந்துறதுலேருந்து மறுபடி ஆரம்பிங்க.

நேரம்: ஃபேஸ் வச்சதுலேருந்து அடிக்கிற வரைக்கும் 5லேருந்து 8 விநாடி. விதி 5.6 ஒரு ஸ்ட்ரோக்குக்குப் பரிந்துரைக்கிறது 40 விநாடி. மத்தவங்க அடிக்கும்போதே லைனைப் பார்த்து வச்சுட்டா உங்க முறை வந்ததும் 25 விநாடியில மொத்தமும் முடிஞ்சிடும்.

லேக்மாஸ்டர் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். கோடு விஷயத்தில் மட்டும் தெளிவு வேண்டும். பந்தில் போட்ட கோடு சுமார் 10 அடிக்குள் உதவும், அங்கே திசைதான் பெரிய வேலை. அதற்கு மேல் அது கெடுதல். 30 அடி பட்டுக்குக் கோட்டை நேராக வைக்க உட்கார்ந்து எழுந்து, மேலிருந்து பார்த்தால் கோணலாகத் தெரிந்து, மறுபடி உட்கார்ந்து என்று நேரம் போகும். மனமும் வேகத்தை விட்டுவிட்டுத் திசையில் மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு 30 அடியில் பந்து குறைகிறது என்றால் பிரச்சினை வேகம்தான். நீளப் பட்டுக்குக் கோட்டைக் கீழே திருப்பி மறைத்து வையுங்கள்.

அப்புறம் கேடி (ஆட்டக்காரரின் பையைத் தூக்கி உதவுபவர்). நம் ஊரில் கேடிகளுக்குக் கிரீன் அத்துப்படி, கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் எப்போது கேட்கிறோம் என்பது முக்கியம். நீங்கள் குந்திப் பார்க்கும்போது கேளுங்கள். 'வலது ஓரம்', 'ஒரு கப் லெஃப்ட்' (ஹோலின் அகலம் அளவு இடப்பக்கம்) என்று ஒரே விடை வாங்குங்கள், ஒத்துப்போனால் அதோடு பேச்சு முடிந்தது. பந்தருகே நின்ற பிறகு 'கொஞ்சம் வெளியே சார்' என்று குரல் வந்தால், அது சரியான தகவலாகவே இருந்தாலும் அந்த பட் கெட்டுவிடும். அப்படி வந்தால் விலகி வந்து முதலிலிருந்து தொடங்குங்கள். 2019 முதல் நீங்கள் ஸ்டான்ஸ் (அடிக்க நிற்கும் நிலை) எடுக்கத் தொடங்கும்போது பந்துக்குப் பின்னால் லைன் நீட்சியில் கேடி நிற்கவும் கூடாது. எழுதிய கார்டுக்கு இது தண்டனை தரும் விஷயம், ஆகவே கேடியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஹோலில் உள்ள கொடியை வைத்தே அடிக்கலாமா எடுக்கலாமா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். எதுவானாலும் சரி, பட்டர் வைத்த பிறகு 'கொடியை எடுங்க' என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

இறுக்கத்துக்கு இன்னொரு காரணம் எதிர்பார்ப்பு. பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) ஆட்டக்காரர்களே 8 அடியிலிருந்து ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள். 8 அடியைப் போட்டே ஆகவேண்டும் என்று நிற்கிற 19 ஹேண்டிகேப்காரர் தன் கையைத் தானே கட்டிப்போடுகிறார். நினைத்த புள்ளி மேல், நினைத்த வேகத்தில் பந்து உருண்டதா என்பது மட்டும்தான் உங்கள் பொறுப்பு.

டிக்_டாக்_பட்டர் எழுதியது:

வரிசை சொல்லியாச்சு, பழகுற விதத்தை நான் சொல்றேன். பிராக்டீஸ் கிரீன்ல விழறது ரவுண்டுல விழாததுக்கு முக்கால்வாசிக் காரணம் இது: அங்க ஒரே இடத்துலேருந்து பத்துப் பந்தை வரிசையா அடிக்கிறோம். ரெண்டாவது பந்துலயே லைனும் வேகமும் தெரிஞ்சுபோச்சு. ரவுண்டுல எந்த பட்டும் ரெண்டாவது தரம் கிடைக்காது. அதனால பழகுறதை ரெண்டா பிரிங்க.

ஒண்ணு, ஸ்ட்ரோக். சமதளத்துல பட்டர் தலைக்கு ரெண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு ரெண்டு டீ (பந்தை ஏத்தி வைக்கிற சின்னக் குச்சி) குத்துங்க. பந்துக்கு 50 செ.மீ. முன்னாடி 6 செ.மீ. இடைவெளியில இன்னும் ரெண்டு டீ. பந்தோட விட்டம் 4.27 செ.மீ., அதனால பக்கத்துக்கு 0.9 செ.மீ. கூட மிச்சம் இல்ல. 50 செ.மீ. தூரத்துல அது ஏறக்குறைய 1 டிகிரி. அந்த வாசல்ல பந்து இடிக்காம போனா உங்க ஃபேஸ் 1 டிகிரிக்குள்ள இருக்குன்னு அர்த்தம். இடது டீயை அடிச்சா மூடுது. ஸ்ட்ரோக்கை மாத்தறதுக்கு முன்னாடி கிரிப்பைத் தளர்த்திப் பாருங்க, பெரும்பாலும் அதுலயே சரியாகும்.

தாளத்துக்கு போன்ல மெட்ரனோம் (சீரா தட்டு ஒலிக்கிற) ஆப் போதும். நிமிஷத்துக்கு 65லேருந்து 75க்குள்ள வையுங்க. ஒரு தட்டுல பட்டர் நகர ஆரம்பிக்கணும், அடுத்த தட்டுல பந்துல படணும். பின்னாடி போற நேரம் முன்னாடி வர்ற நேரத்தைப் போல ரெண்டு மடங்கு, இந்த விகிதம் தூரத்துக்குத் தூரம் மாறக்கூடாது. அஞ்சடியோ நாற்பதடியோ அதே தட்டுதான், ஸ்விங் நீளம்தான் கூடும். 40 அடிக்கு ஸ்விங்கை நீட்டாம கடைசியில கையால தள்றவங்களுக்குத்தான் ஒண்ணு குறையும், அடுத்தது ஓடும்.

ரெண்டாவது, ரொட்டீன். இதுக்கு ஒரே ஒரு பந்து. 5, 15, 30 அடின்னு மாத்தி மாத்தி, ஒவ்வொரு தரமும் மார்க் பண்ணி, குந்திப் பார்த்து, முழு வரிசையும் பண்ணி, விழற வரைக்கும் அடிச்சுட்டு அடுத்த ஹோலுக்கு நடங்க. பதினெட்டு ஹோல் இப்படிப் போங்க. போனைப் பையில சாய்ச்சு வச்சு வீடியோ எடுத்தா, ஃபேஸ் வச்சதுலேருந்து அடிக்கிற வரைக்கும் எத்தனை விநாடின்னு ஒவ்வொரு பட்டுக்கும் குறிச்சுக்கலாம். 6, 7, 6, 7ன்னு வந்தா ரொட்டீன் பிடிச்சாச்சு. 5, 12, 7, 15ன்னு வந்தா அந்த 12லயும் 15லயும் என்ன யோசிச்சீங்கன்னு தேடுங்க.

கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை. கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ் பட் அடிக்கிறவங்க கண் அசைவைப் பதிவு பண்ணிப் பார்த்தவர். நல்ல பட்டர்களோட பார்வை பந்துல ஒரே இடத்துல ரெண்டு விநாடி போல அசையாம நிக்குது, பந்து போன பிறகும் கொஞ்சம் அதே தரையில தங்குது. அதனால நாலடியில தலையைத் தூக்கிப் பார்க்காதீங்க. ஹோல்ல விழற சத்தம் கேட்கட்டும்.

நாலடி_பட் எழுதியது:

ரொம்ப நன்றி. நான் எப்பவும் காலை முதல்ல வச்சுட்டுத்தான் ஃபேஸை வைக்கிறேன், மாத்தறேன். ஒரு சந்தேகம் பாக்கி. சாயங்காலம் ஆடும்போது புல் ஒரு பக்கம் படுத்திருக்கிற மாதிரி இருக்கு. மூணடி பட் கூட ஓரத்துல நழுவுது. இதை ரொட்டீன்ல எங்க சேர்க்கிறது? இன்னொண்ணு, சில சமயம் அடிக்கிற நொடியில கை தானா வெட்டுது. அதுவும் இறுக்கம்தானா?

கோவை_பார்3 எழுதியது:

பெர்முடாவுல கிரெயின் (புல் படுத்திருக்கிற திசை) பார்த்தே ஆகணும், ஆனா அது குந்திப் பார்க்கிற அந்தப் பத்து விநாடிக்குள்ளேயே அடங்கும். உங்க பக்கத்துலேருந்து பார்த்தா புல் வெளுப்பா மினுங்கினா அது ஹோல் பக்கம் படுத்திருக்கு, பந்து ஓடும். கரும்பச்சையா தெரிஞ்சா எதிர்ல வருது, பந்து தடைபடும். அப்புறம் ஹோல் ஓரத்தைப் பாருங்க. ஒரு பக்கம் வெட்டு சுத்தமா இருக்கும், எதிர்ப்பக்கம் புல் பிசிறா, பழுப்பா இருக்கும். பிசிறு உள்ள பக்கம் நோக்கித்தான் கிரெயின் போகுது. அது குறுக்கே போனா, சாகிற வேகத்துல வர்ற பந்து கடைசி ஒரு அடியில அந்தப் பக்கம் நழுவும். மூணடிக்கு இதுக்கு வைத்தியம் லைனை மாத்துறது இல்ல, வேகத்தைக் கொஞ்சம் கூட்டுறது. ஹோல் இல்லைன்னா ஒரு அடி, ஒன்றரை அடி தாண்டி நிக்கிற வேகம் போதும். அதுக்கு மேல கூட்டினா ஓரம் பிடிச்ச பந்து சுத்திட்டு வெளிய வந்துடும். சாயங்காலம் புல் வளர்ந்து கிரீன் மெதுவாகவும் ஆகியிருக்கும், அதனால காலையில வார்ம்-அப் பண்ணின வேகத்தை நம்பாதீங்க.

கை தானா வெட்டுறது எப்பவாவதுன்னா இறுக்கம்தான், மூச்சும் கிரிப்பும் சரியானா போயிடும். கிட்டப் பட்டுல தொடர்ந்து வந்தா அது யிப்ஸ், ரொட்டீன் மட்டும் போதாது. கிரிப்பையே மாத்துங்க. இடது கை கீழ வர்ற மாதிரி பிடிக்கலாம், இல்ல வலது கையை நகம் மாதிரி வைக்கிற கிளா கிரிப். பழகின தசை வேலை செய்யாததால வெட்டு குறையும். நீளப் பட்டரும் வாங்கலாம், ஆனா 2016லேருந்து அதை மார்புலயோ வயித்துலயோ ஊன்றி அடிக்கக்கூடாது. கிளா எடுத்தா முதல்ல நீளப் பட்டுல தூரம் தப்பும், அதனால 30 அடியைத் தனியா பழகிட்டு ரவுண்டுக்கு எடுத்துட்டுப் போங்க.