மாட வீதி வீட்டார் குழு: மழைக்கு மறுநாள்

[காலை 7:12] முரளி: எல்லோருக்கும் வணக்கம். இரவு பெய்த மழையில் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. கார் இருக்கை மட்டம் வரை முழுகி நிற்கிறது.

[7:14] ராஜி அத்தை: ஐயோ! நீங்கள் எல்லோரும் நலம்தானே? பின் சீட்டில் என் எவர்சில்வர் தூக்கு இருந்ததே.

[7:15] முரளி: நாங்கள் மூன்றாவது மாடி அத்தை, ஒன்றும் ஆகவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருக்கிறேன். சேகர் மாமா, பார்த்துச் சொல்லுங்கள். [படம்]

[7:21] சேகர் மாமா: அனுப்பிவிடாதே. கார் 'இஞ்சர்ட்' என்று எழுதியிருக்கிறாய். எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாய்? உயிருள்ளவைக்குத்தான் இஞ்சர்ட். பொருளுக்கு 'டேமேஜ்ட்'.

[7:23] சேகர் மாமா: அடுத்து 'கம்ப்ளீட்லி டிஸ்ட்ராய்ட்'. டிஸ்ட்ராய்ட் என்றாலே மிச்சமில்லை என்று பொருள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்போது கார் நான்கு சக்கரத்தோடு நிற்கும். அதன்பிறகு நீ சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

[7:24] முரளி: அப்படியானால் முழுத்தொகை கேட்க முடியாதா மாமா?

[7:26] சேகர் மாமா: அதற்கு 'டோட்டல் லாஸ்' என்று தனிச்சொல் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி. தொகையில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. அது சர்வேயர் போடும் கணக்கு, நீ எழுதுவது அல்ல.

[7:29] சேகர் மாமா: மூன்றாவது வரிதான் உன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறது. 'என்ஜின் பிரேக்டவுன்'! எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு பகுதி வருமே, அங்கே 'மெக்கானிக்கல் பிரேக்டவுன்' என்று இதே சொல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளத்தில் முழுகிய வண்டியை, வயதாகி வழியில் நின்ற வண்டி என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறாய். உண்மையைச் சொல், ஸ்டார்ட் செய்து பார்த்தாயா?

[7:30] முரளி: சாவியைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய காரை முயன்று பார்த்தார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

[7:33] சேகர் மாமா: பாவம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இனி 'கான்சிக்வென்ஷியல்' என்பார்கள். வெள்ளம் செய்தது வேறு, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் செய்தது வேறு என்று பொருள். என்ஜினுக்குத் தனியாக ஆட்-ஆன் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் தப்பிப்பார்.

[7:35] யாழினி: மாமா, அண்ணன் 'டிசாஸ்டர்' என்று போட்டிருக்கிறானே, அதையாவது விட்டுவையுங்கள். தேர்வுக்கு நேற்றுதான் படித்தேன். இத்தாலிய மொழியில் 'அஸ்ட்ரோ' என்றால் நட்சத்திரம். நட்சத்திரம் சரியில்லாததால் வந்த கேடுதான் டிசாஸ்டர்.

[7:36] ராஜி அத்தை: கேட்டை நட்சத்திரத்தன்று கார் வாங்காதே என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். இத்தாலிக்காரனுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை.

[7:37] யாழினி: 'ஹஸார்ட்' இன்னும் மோசம் அத்தை. பழைய பிரெஞ்சில் அது பகடை உருட்டும் ஒரு சூதாட்டத்தின் பெயர்.

[7:39] தாத்தா: தருமனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

[7:42] சேகர் மாமா: டிசாஸ்டரை நாளிதழ்கள் எழுதிக்கொள்ளட்டும். பாலிசி என்ன சொல்கிறது என்று பார். ஃப்ளட், டைஃபூன், ஹரிக்கேன், ஸ்டார்ம், டெம்பெஸ்ட், இனண்டேஷன், சைக்ளோன்...

[7:43] ராஜி அத்தை: இத்தனை புயலா?

[7:45] சேகர் மாமா: மூன்று பெயர் ஒரே புயலுக்குத்தான், கடல்தான் வேறு. வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன், அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், நம் வங்கக்கடலில் சைக்ளோன். முரளிக்கு வேண்டியது 'இனண்டேஷன்', நீர் சூழ்ந்து முழுகுவது. காற்று அடித்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

[7:47] முரளி: கடைசியில் 'டேமேஜஸ்' தரும்படி கேட்டிருக்கிறேன். அது சரிதானே?

[7:48] சேகர் மாமா: கடைசியில் 'ஸ்' சேர்த்தால் வேறு பொருள் வந்துவிடும். தவறு செய்தவரிடமிருந்து நீதிமன்றம் வாங்கித்தரும் இழப்பீடு அது. மழை மேல் வழக்குப் போடப்போகிறாயா? 'க்ளெய்ம்' என்று எழுது, போதும்.

[7:49] ராஜி அத்தை: நகைக்கடையில் சேதாரம் என்று வாங்குகிறார்களே, அதுபோலவா?

[7:50] தாத்தா: அது சேதமே ஆகாத சேதாரம்.

[8:04] முரளி: திருத்திவிட்டேன். 'நிறுத்திவைத்திருந்த கார் இரவு மழைநீரில் முழுகி டேமேஜ் ஆகியுள்ளது. என்ஜின் இயக்கப்படவில்லை. சர்வேயரை அனுப்பவும்.' இதைத்தான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.

[8:06] சேகர் மாமா: அனுப்பு. தண்ணீர் நின்ற மட்டமும் நம்பர் பிளேட்டும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்துவை. வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

[8:07] ராஜி அத்தை: தூக்கு என்ன ஆயிற்று?

[8:15] முரளி: [படம்] பின் சீட்டில் மிதக்கிறது அத்தை. மூடி கழன்றிருக்கவில்லை.

[8:16] ராஜி அத்தை: உள்ளே மிளகாய்ப்பொடி இருக்கிறது. நனையாமல் இருந்தால் யாழினியிடம் கொடுத்தனுப்பு.